உணவு வண்டிக்கு உரிமம்: குமரி மாவட்டத்தில் முதலில் தீர்க்க வேண்டியது இடம்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உணவு வண்டி தொடங்க விரும்புகிறவர் முதலில் கேட்பது, "இதற்கு லைசென்ஸ் எந்த ஆபீஸில் எடுக்க வேண்டும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரே அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒரே தாளாகப் பெற்றுக்கொள்ளும் உரிமமாக இது அமையவில்லை. சட்டத்தின் பார்வையில் அந்த வண்டி மூன்று பொருளாக இருக்கிறது. சாலையில் ஓடும்போது அது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்ட வாகனம். அடுப்பு பற்றவைத்ததும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்துக்கு உட்பட்ட சமையற்கூடம். ஓரிடத்தில் நிறுத்தி விற்கத் தொடங்கியதும் 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டமும் உள்ளாட்சி விதிகளும் ஆளும் கடை. இவற்றில் முதல் இரண்டுக்கும் வழி தெளிவாகவே இருக்கிறது; பணமும் பொறுமையும் இருந்தால் முடித்துவிடலாம். மூன்றாவதான இடத்தில்தான் பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆனால் நடைமுறையில் எல்லோரும் முதலில் வண்டியை வாங்கி, பெயிண்ட் அடித்து, பெயர் எழுதி, கடைசியாகத்தான் இடம் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதனால் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தெருவில் வியாபாரம் செய்வது அரசு இரக்கப்பட்டுத் தரும் சலுகை அன்று. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் தொழில் உரிமையில் அதுவும் அடங்கும் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மும்பைத் தெரு வியாபாரிகள் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பரில் அதே நீதிமன்றம், நகரந்தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும் என்று வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு தனக்குரிய விதிகளையும் திட்டத்தையும் 2015-இல் வகுத்தது. தெரு, நடைபாதை, பூங்கா போன்ற பொது இடத்திலோ தனியார் இடத்திலோ, தற்காலிக அமைப்பில் இருந்துகொண்டோ இடம்விட்டு இடம் நகர்ந்தோ உணவும் அன்றாடப் பொருள்களும் விற்கிறவர் எவரும் தெரு வியாபாரி என்று அச்சட்டம் வரையறுக்கிறது. தள்ளுவண்டியா மோட்டார் வண்டியா என்ற பாகுபாடு அந்த வரையறையில் இல்லை. ஆகவே குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் பழம்பொரியும் சுக்குக்காப்பியும் விற்கிறவரும் அதன் பாதுகாப்பைக் கோரலாம்.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு. விற்பனைச் சான்றிதழ் கேட்கிறவர், தொழிலைத் தானே அல்லது தன் குடும்பத்தார் மூலமே நடத்துவதாகவும், தனக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும், சான்றிதழை வாடகைக்கு விடுவது உள்பட எந்த வகையிலும் பிறருக்குக் கைமாற்றுவதில்லை என்றும் உறுதிமொழி தர வேண்டும். கணவர் வண்டி ஓட்ட, மனைவி சமைக்க, இருவருமாகப் பரிமாறும் வண்டிக்கு இந்தச் சட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். வளைகுடாவில் சம்பாதித்த பணத்தைப் போட்டு மூன்று வண்டி வாங்கி, சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்த நினைக்கிறவருக்கு இது பொருந்தாது. அவர் தனியார் நிலத்தையோ ஏலத்தில் எடுத்த இடத்தையோதான் நாட வேண்டும். இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டால் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

சான்றிதழ் வழங்குவது நகர விற்பனைக் குழு. மாநகராட்சியானால் ஆணையர் அதற்குத் தலைவர். மற்ற இடங்களில் செயல் அலுவலர் நிலையிலுள்ளவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகள் தாமே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, வார்டு அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு என்ற அளவுக்கு உட்பட்டு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவில் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.25 லட்சம். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாலே சுமார் 5,600 வியாபாரிகளுக்கு இடம் இருக்க வேண்டும். 2019-இல் மாநகராட்சியாக எல்லை விரிந்த பின் இந்த எண் இன்னும் கூடும். புதிதாக வருகிறவர் அடுத்த கணக்கெடுப்பு வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதும் இல்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலும் விண்ணப்பங்களை ஏற்றுச் சான்றிதழ் தரக் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. "சர்வே முடிந்துவிட்டது, அடுத்த சர்வேயில் பார்க்கலாம்" என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுவதே சரியான வழி.

இனி குமரி மாவட்டத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். தெரு வியாபாரிகள் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய நகர்ப்புற உள்ளாட்சிகளை மையமாக வைத்து எழுதப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்ட மக்களில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நகர்ப்புறத்தவர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி இங்குதான் இந்த விகிதம் அதிகம். வயலும் குளமும் தென்னந்தோப்புமாகத் தெரியும் ஊர்கூட ஆவணத்தில் பேரூராட்சியாக இருப்பதே இதற்குக் காரணம். ஆகவே வேறு பல மாவட்டங்களைவிட இங்கு இந்தச் சட்டம் எட்டும் பரப்பு பெரிது. அது நல்ல செய்தி. அதே காரணத்தால் உள்ளாட்சி எல்லைகள் சிறு சிறு துண்டுகளாக இருக்கின்றன, அது தொல்லை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். கோட்டாறு, இடலாக்குடி தாண்டி மாநகராட்சி முடிந்ததும் சுசீந்திரம், பிறகு கொட்டாரம், பிறகு கன்னியாகுமரி என்று அரை மணி நேரப் பயணத்தில் எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஓர் உள்ளாட்சி தந்த விற்பனைச் சான்றிதழ் அடுத்த உள்ளாட்சியில் செல்லாது. காலையில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி வாசலில் இட்லியும் மாலையில் சங்குத்துறைக் கடற்கரையில் மீன் வறுவலும் விற்கலாம் என்று கணக்குப் போடுகிறவர், இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அனுமதி தேட வேண்டியிருக்கும். வண்டிக்குச் சக்கரம் இருப்பதால் கடையும் விருப்பம்போல நகரலாம் என்ற எண்ணத்துக்கு இங்கு இடமில்லை. ஓர் எல்லைக்குள் நாளுக்கு இரண்டு இடம் என்று திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லை மட்டும் தெரிந்தால் போதாது. சாலையும் நிலமும் யாருடையவை என்பதும் தெரிய வேண்டும். ஸ்ரீநகரில் தொடங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. பன்வேலில் தொடங்கும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை களியக்காவிளை வழியாக மாவட்டத்துக்குள் நுழைந்து, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரியை வந்தடைகிறது. கூட்டமும் வியாபாரமும் இந்தச் சாலைகளின் ஓரத்தில்தான். ஆனால் அந்த ஓரம் உள்ளாட்சியின் கையில் இல்லை. தேசிய நெடுஞ்சாலை நிலத்தை முன் அனுமதியின்றிப் பயன்படுத்துவது 2002-ஆம் ஆண்டின் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஆக்கிரமிப்பு. மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் இருக்கிறது. ரயில்வே நிலத்துக்குத் தெரு வியாபாரிகள் சட்டமே பொருந்தாது என்று அச்சட்டத்திலேயே எழுதியிருப்பதால், நாகர்கோவில் சந்திப்பு நிலைய வளாகத்துக்குள் நிற்க நினைப்பதில் பயனில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் அதை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. வட்டக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கோயில்களைச் சுற்றிய நிலம் பெரும்பாலும் தேவஸ்தானத்துடையது. சுற்றுலாப் பயணி வந்து நிற்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு உரிமையாளர் இருப்பதால், ஓர் இடம் பிடித்துப்போனால் முதல் வேலையாக அதன் சர்வே எண்ணைக் கண்டறிந்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டாலும் தெரியும். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆனால் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் வண்டி இறக்கியவர்கள்தான், போலீசார் வந்து எடுக்கச் சொல்லும்போது யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

கன்னியாகுமரியில் இடம் பெற இன்னொரு வழியும் உண்டு. கார்த்திகை முதல் தேதி தொடங்கித் தை மகரவிளக்கு வரை சபரிமலைக்குச் செல்லும் பக்தர்கள் முக்கடல் சங்கமத்துக்கும் வருவதால், அந்தக் காலத்துக்கு மட்டும் சீசன் கடைகளுக்கான இடங்களை உள்ளாட்சி நிர்வாகம் ஏலம் விடுகிறது. ஏலத்தில் எடுத்த இடத்துக்குத் தெரு வியாபாரிச் சான்றிதழின் குடும்ப நிபந்தனை கிடையாது. ஆனால் முன்பணமும் ஏலத்தொகையும் சிறு வியாபாரிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடக்கூடும். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பின் சீசனுக்கு வெளியிலும் கூட்டம் வருகிறது. சீசன் ஏலத்தை மட்டும் நம்பாமல், ஆண்டு முழுவதும் உணவு வண்டிகளுக்கென ஒரு விற்பனை மண்டலத்தை அங்கு வகுப்பது உள்ளாட்சிக்கும் வருமானம். படகுத்துறை வரிசையில் வெயிலில் நின்று களைத்து வெளியே வருகிறவருக்கும் சுத்தமான உணவு. கட்டுப்பாடற்ற மண்டலம், கட்டுப்பாடுள்ள மண்டலம், விற்பனை தடைசெய்யப்பட்ட மண்டலம் என்று பிரித்து அறிவிக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்கெனவே தந்திருக்கிறது. புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை. உள்ளாட்சி விற்பனைத் திட்டம் வகுத்து மாநில அரசின் ஒப்புதல் பெற்றால் போதும்.

சான்றிதழ் கையில் இருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு சிறியதல்ல. இடத்திலிருந்து அகற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் அதிகாரி கையொப்பமிட்ட பட்டியல் தர வேண்டும். அழுகக்கூடிய பொருளை உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். சான்றிதழின் நிபந்தனைப்படி தொழில் செய்கிறவரைக் காவல்துறை உள்பட எவரும் தடுக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகவே சொல்கிறது. குறைகளை விசாரிக்க, நீதித்துறையில் பணியாற்றியவர் ஒருவரின் தலைமையில் தனிக் குழுவுக்கும் இடமிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் விற்றாலோ நிபந்தனையை மீறினாலோ 2,000 ரூபாய் வரை அபராதம். இந்த வரிகளைத் தமிழில் அச்சிட்டு வண்டியில் வைத்திருப்பது, யாருடனும் சண்டை போடுவதைவிடப் பலன் தரும்.

தனியார் நிலம் இதைவிட எளிது. பெட்ரோல் பங்க் அல்லாத ஏதேனும் ஒரு காலி மனை, கல்யாண மண்டபத்தின் முன்பகுதி, கடைவாசல் என்று கிடைத்தால், உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதைக் காட்டி உள்ளாட்சியில் தொழில் உரிமம் கேட்கலாம். மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது பிறகு பெரிய தொல்லையாகும். வாடகை இருக்கத்தான் செய்யும். ஆனால் நாளைக்கு இந்த இடத்தில் இருப்போமா என்ற கவலை இருக்காது. கழிவுநீரைச் சேர்த்து வைக்கவும், இரவில் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகவும் இடம் கிடைக்கும். முதல் ஆண்டில் தனியார் நிலத்தில் நின்று வாடிக்கையாளரைப் பிடித்துக்கொண்டு, பிறகு தெருவுக்குப் போவதே என் கணிப்பில் புத்திசாலித்தனம்.

இடம் உறுதியான பிறகுதான் வண்டி. இந்த மாவட்டத்தில் நாகர்கோவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவெண்கள் டி.என். 74 என்றும், மார்த்தாண்டத்துடையவை டி.என். 75 என்றும் தொடங்கும். பலர் செய்வது, பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, பட்டறையில் கொடுத்து, பக்கவாட்டில் மேலே தூக்கும் கதவும் உள்ளே மேடையும் அமைத்துக்கொள்வது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் அது சரக்கு வாகனமாகவே இருக்கும். விபத்தோ தீயோ நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரங்களும் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. மாற்றம் செய்ய வேண்டுமானால், பட்டறைக்குப் போவதற்கு முன்பே பதிவு அலுவலரிடம் அனுமதி பெற்று, முடிந்ததும் வண்டியைக் காட்டி, ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிய வேண்டும். கடனில் வாங்கிய வண்டியானால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவை. மத்திய அரசு 2004-இல் வெளியிட்ட வாகன வகைப் பட்டியலில் நடமாடும் உணவகம் போக்குவரத்து வாகனங்களில் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. ஆகவே புது வண்டி எடுக்கிறவர் அந்த வகையிலேயே பதிவு செய்யக் கேட்பது எல்லாவற்றிலும் சுத்தமான வழி.

போக்குவரத்து வாகனமென்றால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் உண்டு. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதற்கு மேல் ஆண்டுதோறும். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அடிக்கும் இந்த மாவட்டத்தில் அடிச்சட்டமும் கதவுக் கீலும் துரு ஏறுவதற்கு அதிக நாள் ஆகாது. முட்டத்திலோ குளச்சலிலோ நிறுத்துகிற வண்டியை எஃப்.சி.க்கு முந்தின மாதம் பட்டறையில் விட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம். ஓட்டுநர் உரிமம் பற்றிய பழைய குழப்பம் தீர்ந்துவிட்டது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகு ரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. நிறுத்துவதில் கவனம் தேவை: நிறுத்தக் கூடாத இடத்தில் விட்டாலோ, பொது இடத்தில் ஆளின்றிப் பத்து மணி நேரத்துக்கு மேல் விட்டாலோ, வண்டியை இழுத்துச் செல்லக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. சான்றிதழில் குறித்த நேரம் முடிந்ததும் வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.

எரிவாயுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது குற்றம். 19 கிலோ வணிக சிலிண்டர் இணைப்பைத் தன் பெயரில் எடுக்க வேண்டும். சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், வெளிப்பக்கம் திறந்து எடுக்கும்படி தனிக் கூண்டில், அடியில் காற்றோட்டத் துளை விட்டு வைக்க வேண்டும். கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது; அது தரையோடு தேங்கும், மேலே எழும்பிப் போகாது. தீயணைப்பான் சமைக்கிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டாமல் எடுக்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, மூன்றிலும் மிக எளிதாகக் கிடைப்பது. அதனாலேயே மிக மேலோட்டமாக நினைக்கப்படுவது. 2011-ஆம் ஆண்டு விதிகள் இந்தத் தொழிலை விற்றுமுதலை வைத்துப் பிரித்தன. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவு, அதற்கு மேல் மாநில உரிமம் என்பது அவ்விதிகளின் ஏற்பாடு. பதிவுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாயும், உணவக வகை மாநில உரிமத்துக்கு ஆண்டுக்கு இரண்டாயிரமும் அவ்விதிகள் வகுத்த கட்டணம். வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் காட்டுவதையே கணக்கில் எடுக்க வேண்டும். வரம்பு எதுவானாலும் அதை எவரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நாளொன்றுக்கு 4,000 ரூபாய்க்கு விற்றால் 300 நாளில் 12 லட்சம் ஆகிவிடுகிறது. வடசேரி பேருந்து நிலையம் பக்கம் நல்ல இடத்தில் நிற்கும் வண்டிக்கு அது எட்டாத தொகை அன்று. விற்றுமுதலைக் குறைத்துக் காட்டிப் பதிவு வாங்கிவிட்டு, யுபிஐ கணக்கில் அதைவிடக் கூடுதலாகப் பணம் வாங்குவது வருங்காலச் சிக்கலுக்குத் தாமே போடும் வித்து.

விண்ணப்பத்தில் நடமாடும் உணவு விற்பனையாளர் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, புகைப்படமும் அடையாளச் சான்றும் இணைத்தால் பெரும்பாலும் போதும். பதிவு செய்யும் அலுவலர் ஏழு நாளுக்குள் பதிவு தரவோ, காரணம் எழுதி மறுக்கவோ, ஆய்வுக்கு அறிவிப்பு அனுப்பவோ வேண்டும். ஏழு நாளில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலோ, முப்பது நாளுக்குள் முடிவு தெரிவிக்கப்படவில்லை என்றாலோ தொழிலைத் தொடங்கலாம் என்று 2011 விதிகள் இடம் கொடுத்தன. கிடைக்கும் எண் 14 இலக்கம் கொண்டது. அதை வாங்குகிறவர் கண்ணில் படும்படி வண்டியில் எழுத வேண்டும்.

ஆய்வுக்கு வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் எதைப் பார்ப்பார் என்பது விதிகளின் நான்காம் அட்டவணையில் இருக்கிறது. வண்டி கட்டும் முன்பே பட்டறைக்காரரிடம் அதைக் காட்டிவிட வேண்டும். உணவு கையாளும் மேடை துருப்பிடிக்காத, தண்ணீர் உறிஞ்சாத, எளிதில் கழுவக்கூடிய பரப்பாக, தரையிலிருந்து குறைந்தது 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். எவர்சில்வர் தகடே ஏற்றது. தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். பாத்திரத்தை ஒரே வாளி நீரில் முக்கி எடுப்பதை விதி ஏற்பதில்லை. சோப்பிட்டு, குழாயில் ஓடும் நீரில் கழுவ வேண்டும். அப்படியானால் கூரைக்கடியில் குழாய் வைத்த நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்றும், கழுவிய நீரைப் பிடித்து வைக்க அடியில் இன்னொரு தொட்டியும் வேண்டும். இரண்டாவது தொட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பிறகு அந்த நீர் பக்கத்து ஓடைக்குள் போகிறது, அங்கிருந்து குளத்துக்குப் போகிறது, புகாரும் வருகிறது. கை துடைக்கும் துணி வேறு, மேடை துடைக்கும் துணி வேறாக இருக்க வேண்டும். மூடியுள்ள குப்பைத் தொட்டி வேண்டும். சூடாக விற்பதை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிரில் வைப்பதை 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும். மசாலா தடவிய மீனைக் காலையிலிருந்து மாலை வரை திறந்த தட்டில் வைத்திருக்கும் வழக்கம் இந்த விதியில் நேராக அடிபடுகிறது. ஐஸ் பெட்டிக்கு இடம் ஒதுக்காமல் மீன் வண்டி கட்டவே கூடாது. சமைக்கிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும், குடற்காய்ச்சல் வகை நோய்களுக்கான தடுப்பூசியும் தேவை. குறை கண்டால் உடனே மூடிவிடுவது சட்டத்தின் வழக்கமான முறை அன்று. குறையைக் குறிப்பிட்டு, சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தந்து மேம்பாட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும்.

எண்ணெய் தனிக் கவனத்துக்கு உரியது. ஏனெனில் இந்த மாவட்டத்து மாலைநேரப் பண்டங்களில் பாதி எண்ணெய்ச் சட்டியிலிருந்து வருபவை. பழம்பொரி, பருப்புவடை, மரச்சீனி வற்றல், பொரித்த மீன் எல்லாம் ஒரே சட்டியில் மாலை முழுவதும் வேகின்றன. மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. கையில் அளக்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நிறம் கறுத்து, நுரைத்து, புகை சீக்கிரம் எழும் எண்ணெயை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதைச் சாக்கடையில் ஊற்றாமல், உயிரி டீசலுக்காகச் சேகரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களுக்கு விற்கலாம்.

பரிமாறுவதில் குமரிக்கு ஒரு வசதி உண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாள், தட்டு, குவளை, பை எல்லாம் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. வாழை இலைக்குப் பஞ்சமில்லாத ஊரில், பிளாஸ்டிக் தாள் விரித்த தட்டுக்காக அபராதம் கட்டுவது வருத்தத்துக்குரியது. பள்ளிக்கூட வாசலைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள் விற்பதை 2020-ஆம் ஆண்டின் விதிகள் தடுக்கின்றன. பொரித்த பண்டங்களை நம்பிய வண்டிக்கு அந்த இடம் ஆகாது. அவித்த மரச்சீனி, சுண்டல், மட்டிப்பழம் போன்றவற்றை விற்கிறவர் தயங்க வேண்டியதில்லை.

வரியைப் பொறுத்தவரை, உணவு பரிமாறுவது சேவையாகக் கருதப்படுவதால் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு தேவை, உள்ளாட்சிக்கு அரையாண்டுத் தொழில் வரியும் உண்டு. கடன் தேடுகிறவருக்கு, தெரு வியாபாரிச் சான்றிதழோ உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ இருந்தால் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையின்றி முதல் தவணையாக 15,000, திருப்பிச் செலுத்திய பின் 25,000, பிறகு 50,000 ரூபாய் கிடைக்கும். 2025-இல் மாற்றியமைக்கப்பட்ட இத்திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வண்டி வாங்க இது போதாது; முதல் மாதச் சரக்குக்கும் சிலிண்டர் முன்பணத்துக்கும் போதும்.

ஆக, கார்த்திகை சீசனுக்குக் கடை திறக்க நினைக்கிறவர் சித்திரையிலேயே இடத்துக்கான மனுவைக் கொடுத்துவிட வேண்டும். நில உரிமை, உள்ளாட்சி எல்லை, சான்றிதழ் அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவை ஆடிக்குள் முடிந்தால்தான், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்ற அனுமதி வாங்கி, பட்டறை வேலையை முடித்து, ஆர்.சி.யில் பதிந்து, காப்பீட்டை அந்தப் பயன்பாட்டுக்கே மாற்றிக்கொள்ள ஆவணியும் புரட்டாசியும் கிடைக்கும். உணவுப் பதிவுக்கு ஐப்பசி போதும். நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன மண்டலங்களைத் தீர்மானித்தது என்பதை மனுவோடு சேர்த்தே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டிய கடமை அலுவலகத்துக்கு இருக்கிறது.